ஏழு மணி அளவு

“கிளாரன்ஸ் அண்ணே, இன்னிக்கு எத்தனை சென்டிமீட்டர்?”

காலை ஏழு மணிக்குத் தாமரையின் அழைப்பு ஒரு நாளும் தவறாது. கிளாரன்ஸின் மனைவி ஷார்மைனோடு ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் தாமரை. ஷார்மைன் இறந்து ஐந்து மாதமாகிறது.

பால்கனியில் ஷார்மைன் வைத்துவிட்டுப் போன இரண்டு தொட்டிகள். மண் இல்லாமல் நீரிலேயே, அறுக்க அறுக்கத் துளிர்த்து வளரும் கீரை. ஒரு தொட்டி நீரில் நானோ துத்தநாகத் துகள் கலக்க வேண்டும், மற்றதில் கூடாது; இரண்டிலும் கீரையின் உயரத்தைத் தினமும் அளக்க வேண்டும்.

“நானோ தொட்டி பதினெட்டு. சாதா தொட்டி பதினாலு.”

“சாப்டீங்களா?”

“இல்ல.”

“கை நடுங்குனா அளவு தப்பாயிரும் லா! ஒரு ரொட்டி சானாயாவது சாப்பிடுங்க. ஒரு நாள் விட்டாலும் அக்காவோட ஆய்வு வீணாப் போயிரும்.”

அதற்காகவே அவன் தினமும் படுக்கையை விட்டு எழுந்தான்.

அன்று நானோ கரைசல் தீர்ந்துவிட, ஆய்வகத்துக்கே போனான். தாமரை விடுப்பில் இருந்தாள். அங்கே வேலை பார்க்கும் சிவநேசனிடம் ஷார்மைனின் ஆய்வுக்கு என்று சொல்லிக் கேட்டான்.

“அந்த ஆய்வா? மீதியைத் தாமரையே இங்க செஞ்சு முடிச்சு, ஷார்மைன் பேர்லயே வெளியிட்டாச்சே பாஸ். மூணு மாசம் ஆச்சு.”

“அப்போ நான் தினம் சொல்ற அளவு?”

“எந்த அளவு, பாஸ்?”

மறுநாள் காலை ஏழு மணி.

“அண்ணே, இன்னிக்கு எத்தனை?”

கிளாரன்ஸ் அளவுகோலை வைத்துப் பார்த்தான்.

“நானோ பத்தொன்பது. சாதா பதினஞ்சு. சாப்பிட்டுட்டேன், தாமரை. நாளைக்கும் கூப்பிடும்மா.”