நரி திரும்பிய இடம்

விலங்கு, மரம், பழைய சாகுபடி எல்லாவற்றையும் கணக்கெடுக்க வந்த அதிகாரி, அந்த முள்காட்டில் விவசாயமே நடந்ததில்லை என்று எழுதிவிட்டால் நிலம் கல்குவாரிக்குப் போய்விடும். முன்பு அங்கே உழுத குடும்பத்தைச் சேர்ந்த செல்லக்கிளி அவருக்கு மழை ஈரத்தில் பதிந்த நரித்தடங்களைக் காட்டினாள். நேராகப் போன தடங்கள், ஒன்றுமே இல்லாத வெளியில் மூலைமட்டம் வைத்தாற்போலச் செங்கோணத்தில் திரும்பியிருந்தன.

"எங்க வரப்பு சார். மண்ணு மூடிக் கெடக்கு. அதுமேல போனாத்தான் கால் பொதையாது."

"நரிக்கு வரப்பு காட்டிக் குடுத்தது நீதானாக்கும்!"

சிரித்துக்கொண்டே அவர் ஜீப்பை நோக்கிக் குறுக்கே இறங்கினார். சேறு முழங்கால்வரை இழுத்தது. தடுமாறி, கெட்டித்தரை தேடி ஏறினார். நேராக நடந்தார். பிறகு, தானறியாமல், மூலைமட்டமாகத் திரும்பினார்.

"அப்படியே போங்க சார்!" செல்லக்கிளியின் குரல் காடெங்கும் கேட்டது. "அடுத்த மூலையில எங்க கெணறு, முள்ளு மூடிக் கெடக்கு, பாத்து!"

தூக்கிய காலை ஊன்றாமல் நின்றார் அதிகாரி.