திருப்பத்தில் நிற்பவர்கள்

கழுத்தில் பதக்கத்தை மாட்டிய பிறகுதான் இளவழகனுக்கு அவர்கள் நினைவு வந்தது. மாரத்தான் பாதை திரும்பும் உப்பளத்தருகே நண்பர்கள் இருவரும் உரித்த ஆரஞ்சுச் சுளைகளோடு நின்றிருப்பார்கள். அவன் பயிற்சி எடுத்த விடியற்காலைகளில் எல்லாம் ஸ்கூட்டரில் கூடவே வந்தவர்கள். அவனோ அந்தத் திருப்பம்வரை போகாமல், பாதி வழியிலேயே சாலையின் நடுத்தடுப்பிலிருந்த இடைவெளியில் புகுந்து, திரும்பி வருபவர்களோடு கலந்துவிட்டிருந்தான்.

கைபேசி ஒலித்தது. உப்பளத்தருகிலிருந்து ரூபஸ்.

"எல்லாரும் போயிட்டாங்கடா. பரவால்ல, நீ மெதுவாவே வா. தடுப்பை எடுக்க ஆளுங்க வந்தாங்க. எங்காளு இன்னும் வரலன்னு சண்டை போட்டு நிறுத்தி வச்சிருக்கோம்."

இளவழகன் பதக்கத்தைப் பனியனுக்குள் போட்டுக்கொண்டான். பிறகு கைபேசியை வாயருகே பிடித்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கத் தொடங்கினான்.