பதினொன்றுக்கு இரண்டு நிமிடம்

ஸ்டெல்லா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள்.

திரையில் அந்த வரி வந்தேவிட்டது. ஒரு கேபிள் துண்டிப்பு. மறுவழிக்கு மாற எடுத்த நேரம், நூற்று நாற்பது மில்லிசெகண்ட். அறுந்த அழைப்புகள், பூஜ்யம்.

ஓர் ஆம்புலன்ஸ் சேவைக்கு வரும் அழைப்புகள், கொண்டாப்பூரில் அவள் உட்கார்ந்திருக்கும் இந்த அறையின் பொறுப்பு. பாதி குகட்பள்ளி கேபிளில் போகும், பாதி மெட்டுகுடா கேபிளில்.

போன மாதம் ஒரு கேபிள் அறுந்தபோது, அது அறுந்ததே ரவுட்டர்களுக்குத் தெரிய நாற்பது நொடி ஆனது. மனைவிக்கு மூச்சு முட்டுகிறது என்று கூப்பிட்டவர் தெருப் பெயரைச் சொல்லும்போதே குரல் நின்றுபோனது. மறுபடி கூப்பிட்டார், வண்டி போனது, அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார்.

ஸ்டெல்லாதான் அந்தப் பதிவை ஒன்பது தடவை கேட்டாள்.

பிறகு மூன்று வாரம் மல்லுக்கட்டி எல்லாவற்றையும் மாற்றினாள். இப்போது கேபிளின் இரு முனைகளும் நொடிக்கு இருபத்தைந்து முறை சேதி அனுப்பிக்கொள்கின்றன. தொடர்ந்து மூன்று சேதி வராவிட்டால் உடனே மறுவழி.

இன்று பதினொரு மணிக்குச் சோதனை. மெட்டுகுடாவில் டெக்னீஷியன் மோகன் கேபிளை உருவுவார். ஓர் அழைப்பு அறுந்தாலும் பழைய முறைக்கே திரும்பிவிட வேண்டும் என்று மேலாளர் சுதர்சன் கறாராகச் சொல்லியிருந்தார்.

ஒன்றுகூட அறுந்துபோகவில்லை! பக்கத்து மேஜை சபீனாவைக் கட்டிப்பிடித்துக் குலுக்கிவிட்டு, சிரித்துக்கொண்டே போனை எடுத்தாள்.

"மோகன் அண்ணா, கலக்கிட்டீங்க! ஆனா ரெண்டு நிமிஷம் முன்னாடியே உருவிட்டீங்களே?"

"நான் எங்கம்மா உருவினேன்? கைல புடிச்சுக்கிட்டு மணியைத்தான் பாத்துட்டிருக்கேன். இதோ பதினொண்ணு ஆச்சு, உருவட்டுமா?"

ஸ்டெல்லா திரையை மறுபடி பார்த்தாள். அறுந்திருந்தது குகட்பள்ளி கேபிள். எந்த ஜேசிபி எங்கே தோண்டியதோ. அழைப்பில் இருந்த அறுபத்து மூன்று பேரின் குரலும் இப்போது மோகன் பிடித்திருந்த அந்த ஒற்றைக் கேபிளில்தான் போய்க்கொண்டிருந்தது.

"நக்கோ அண்ணா, நக்கோ! உருவாதீங்க, கையை எடுங்க!"

"எடுத்துட்டேன், எடுத்துட்டேன். கைக்கும்மா, எதுக்கு இப்படிக் கத்துறே?"

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அங்கே உட்கார்ந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க அடக்க வந்தது. சபீனாவுக்கும் தொற்றிக்கொண்டது.

கதவைத் திறந்துகொண்டு சுதர்சன் உள்ளே வந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்ன, டெஸ்ட்டை ஆரம்பிக்கலாமா?"

"முடிஞ்சிருச்சு சார்" என்றாள் ஸ்டெல்லா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.