சிம்ம ராசியில் ஒரு முட்டை

"மூஞ்சில களையே இல்லியே, தம்பி. சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி கீது."

பெண்ணைப் பெற்றவர் கோதண்டம். இதே குறை சொல்லி மூன்று மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியவர். கங்காதரன் நான்காவது. ஆவடி தொழிற்சாலையில் ஃபிட்டர். பெண் வடிவுக்கும் அவனுக்கும் ரயிலில் பழக்கம். அது திருநின்றவூர் முழுக்கத் தெரியும், கோதண்டத்தைத் தவிர.

பெண் கேட்டு வந்தவன் பழத்தட்டோடு ஒரு தகரக் குழாயும் கொண்டுவந்திருந்தான்.

"இது இன்னாது?"

"தூரக்கண்ணாடி, மாமா. மூர் மார்க்கெட்டுல கண்ணாடி வாங்கி நானே செஞ்சேன். சிம்ம ராசில ஒரு நட்சத்திர மண்டலம் கீது. முட்டை மாதிரி. அதோட வெளிச்சம் இங்க வர்றதுக்கு மூணு கோடி வருசம் ஆவுது."

"தனியாவா கீது?"

"கூட்டமா கீது. சுத்தி சொந்தபந்தம் மாதிரி இன்னும் சிலது."

"அங்கயும் பங்காளிங்களா? வெளங்கினாப்லதான். சரி, காட்டு. தெரிஞ்சா பொண்ணு. தெரியலன்னா நீ புளுகன், நடையக் கட்டு."

இருட்டியதும் கரண்ட் போனது. மூவரும் மொட்டை மாடி ஏறினார்கள்.

கங்காதரன் குழாயைச் சிம்ம ராசிப் பக்கம் திருப்பி வைத்தான். அவன் கண்ணுக்கே அது சாம்பல் துளிதான். முதலில் வடிவு பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நகர்ந்தாள்.

கோதண்டம் குனிந்தார். தோள் இடித்துக் குழாய் வேறு ஏதோ நட்சத்திரங்கள் பக்கம் திரும்பியது. தொலைந்தோம் என்று கங்காதரன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அடேங்கப்பா! இன்னா சைசு! பஞ்சு மாதிரி, ஓரமே இல்லாம... பக்கத்துல பங்காளிங்க வேற! நெசந்தான்யா சொல்லிகீற! பொண்ணு உனக்குத்தான், மாப்ளே!"

"சத்தியமாவா நைனா?" வடிவு அப்பாவிடம் கேட்டாள்.

"வாக்கு குடுத்தா குடுத்ததுதான்!"

கங்காதரன் கண்ணைத் திறந்தான். அந்தக் குழாயில் அவ்வளவு பெரிதாக எதுவும் தெரிய வழியே இல்லை.

கரண்ட் வந்தது. கோதண்டம் தெருப்பக்கம் கையை நீட்டித் துள்ளினார்.

"அதோ! குழாய் இல்லாமலே தெரியுதே! அதே முட்டை! பின்னாடியே வரிசையா பங்காளிங்க!"

தெருக்கோடி வரை கம்பங்களில் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

வடிவு கங்காதரனின் காதருகே வந்தாள்.

"மொதல்ல கல்யாணம் முடியட்டும். அப்பால இவர கண்ணாஸ்பத்திரிக்கு இட்டுகினு போவலாம்."