நெமெயாவில் ஒரு பிரம்படி

கிரேக்க நாட்டு நெமெயாவின் பழைய பந்தயத் திடலில் காலை வெயில் கல்லை மெல்லச் சூடாக்குகிறது. வெள்ளை அங்கியும் வெறுங்காலுமாக ஸராந்திஸ், இரண்டாயிரம் ஆண்டுப் பழைய தொடக்கக் கல்லின் பள்ளத்தில் கால்விரல்களைப் பதித்து நிற்கிறான். பழங்கால முறையில் ஊரார் ஓடும் இந்த ஓட்டத்துக்கு அவன் பெயரைக் கொடுத்தவள் மனைவி ஃபோதினி; அவள் குளிர்காலத்தில் இறந்துபோனாள். அதன்பிறகு அவனுக்கு எதுவுமே உறைப்பதில்லை. ஓட்டம் தொடங்குவதற்கு அடையாளமாக, எதிரே கட்டிய கயிறு விழுமுன்பே பாய்ந்து அதில் முட்டிக்கொள்கிறான். முந்தினவனுக்கு அடி, அந்தக் காலத்து விதி. கறுப்பு அங்கியில் நடுவராக நிற்கும் ரொட்டிக்கடைக்காரர் பனாகோஸ் கெண்டைக்காலில் பிரம்பால் ஒன்று வைக்கிறார். "எங்கடா ஓடுற? ரொட்டி தீர்ந்துடும்னு எவன் சொன்னான்?" புல்மேட்டில் ஊரே சிரிக்கிறது. அவர் குனிந்து, "வலிக்குதாடா?" என்கிறார். "வலிக்குது மாமா." சொல்லும்போதே அவனுக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. காந்தும் காலோடு திரும்பி வந்து, பள்ளத்தில் விரல்களை மறுபடி பதிக்கிறான். கல் சுடுகிறது.