நாலு கோடு நோட்டு

"இது எழுத்தா, கோழி சீய்ச்ச குப்பையா?"

பிரின்சிபால் சந்திரமோகன் நோட்டை மேஜைமேல் வீசினார். எதிரே நின்ற ராமக்காள், தானே தப்பாக எழுதிவிட்டது போலத் தலையைக் குனிந்துகொண்டாள். மகள் காவியாவுக்கு நாலு வயது. எல்.கே.ஜி.

"அம்பது 'ஏ' எழுதச் சொன்னா பதினொண்ணு எழுதியிருக்கா. அதுலயும் பாதி படுத்துக் கிடக்குது. வீட்டுல கவனிக்கிறதே இல்லியா?"

"உக்கார வெச்சேனுங்க சார். கை நோவுதுன்னு அழுவுதுங்க."

"பென்சில் புடிச்சா கை வலிக்குமா? மரவள்ளிக் காட்டுல கிழங்கா புடுங்குறா உம் பொண்ணு?"

தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டார். முப்பது வருஷம் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு கெமிஸ்ட்ரி எடுத்து, சென்டம் சென்டமாகக் குவித்தவர். ரிடையரானதும் கடத்தூரில் நர்சரி ஸ்கூல் திறந்துவிட்டார். தடிப்பயல்களையே மேய்த்தாயிற்று, பொடிசுகள் என்ன பிரமாதம் என்ற நினைப்பு.

பக்கத்தில் நின்ற கிளாஸ் டீச்சர் சசிகலா மெதுவாக ஆரம்பித்தாள்.

"சார், இந்த வயசுல மணிக்கட்டு எலும்பே இன்னும் முத்தியிருக்காது. கொஞ்ச நாள் களிமண் பிசையட்டும், பாசிமணி கோக்கட்டும். விரலுக்குப் பலம் வந்துட்டா எழுத்து தானா..."

"ஓ! நீங்க எலும்பு டாக்டருங்களா? தெரியாமப் போச்சே! களிமண்ணு பிசையறதுக்கு அவங்க வூட்டு வாசல் போதாதா? ஸ்கூல் எதுக்கு?"

சசிகலா மேஜைமேல் கிடந்த நோட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். போன வருஷம் இப்படிப் பேசிய டீச்சர், இப்போது பாப்பிரெட்டிப்பட்டி ஜவுளிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருக்கிறாள்.

சந்திரமோகன் இன்னொரு நோட்டை எடுத்து விரித்தார். பக்கம் முழுக்க சிவப்பு மையில் ஸ்டார்.

"இதப் பாரும்மா. அதே கிளாஸ், அதே வயசு. என் பேரன் பூவரசன். அம்பதும் அச்சடிச்ச மாதிரி! ஒண்ணாவது கோட்டைத் தாண்டியிருக்கா?"

"கண்ணுல ஒத்திக்கலாமுங்க." ராமக்காள் நிஜமாகவே அதிசயித்தாள்.

"ஆங்! உம் பொண்ணுக்கு யூ.கே.ஜி. கிடையாது. இன்னொரு வருஷம் எல்.கே.ஜி.யிலயே உக்காரட்டும். இந்த சம்மதக் கடுதாசியில கையெழுத்துப் போடு."

"சார், சார்... கூட இருக்கிற புள்ளைங்கல்லாம் மேல போயிட்டா ஏங்கிப் போயிடுமுங்க."

"ஏங்கட்டும். அப்பத்தான் புத்தி வரும். போடு."

ராமக்காள் பேனாவை வாங்கினாள். 'ரா' வரைக்கும் எழுதியிருப்பாள், இன்டர்வெல் மணி அடித்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்த பூவரசன், நேராகத் தாத்தா மடியில் ஏறினான். மேஜைமேல் தன் நோட்டைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"தாத்தா, இன்னிக்கு ஹோம்வொர்க்கும் நீயே எழுதிடு தாத்தா. பென்சில் புடிச்சா எனக்குக் கை வலிக்குதில்ல?"