ஈரத்தலை

"ஏ திலகா, இன்னிக்கு வெள்ளிக்கிழமையா?" என்று கேட்டாள் ராஜாமணி, குடத்தைக் குழாய்க்குக் கீழே நகர்த்தியபடி.

அன்றைக்குப் புதன்கிழமை. குழாயடியில் நின்ற அத்தனை பேரும் திலகவதியின் ஈரத்தலையைப் பார்த்தார்கள்.

செவ்வாய், வெள்ளி என்றால் கேள்வி இல்லை. மற்ற நாளில் விடியற்காலையில் ஒருத்தி தலைக்குக் குளித்துவிட்டு வந்தால் தேவனாம்பட்டினத்துக் குழாயடிக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். மீன் வாடை போகக் குளித்தேன் என்று மற்ற மாதங்களில் சொல்லித் தப்பிக்கலாம். இப்போது மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில், ஆம்பிளைகள் எல்லாம் வீட்டில்.

"வெயிலு ஜாஸ்தியா இருக்குதுக்கா. உச்சந்தலை கொதிக்குது."

"கொதிக்கும், கொதிக்கும். பொண்ணுக்குச் சிதம்பரத்துலேருந்து மாப்ள வீடு வரப்போவுது. மாமியா ஆவப்போறவளுக்கு இந்த வயசுல என்னாடி கொதிப்பு?"

எல்லாரும் சிரித்தார்கள். பின்னால் நின்ற நாத்தனார் தனக்கோடி மட்டும் சிரிக்கவில்லை. புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். சிரித்திருந்தால்கூடத் திலகவதிக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

அவள் புருஷன் சிங்காரம் கடலுக்குப் போகும் மாதங்களில் வீட்டில் இருப்பதே பகலில்தான். வந்தால் தூங்குவான், எழுந்தால் வலையைப் பிரிப்பான். வருஷத்தில் இந்தத் தடைக்காலம் ஒன்றுதான் அவளுக்கு. அதை அவனைவிட அவள்தான் எதிர்பார்த்துக் கிடப்பாள் என்பது குழாயடிக்குத் தெரிந்தால் அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் தலையை ஃபேனுக்கு முன்னால் காய வைத்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஈரத்தலையோடே குழாயடிக்குப் போனாள்.

"வெயிலு இன்னும் எறங்கலயா திலகா?" என்றாள் ராஜாமணி.

தனக்கோடி இடுப்புக் குடத்தை ணங்கென்று கீழே வைத்தாள்.

"எங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாருக்கும் வெரதம். சினேகா கல்யாணம் நல்லபடியா முடியணும்னு அங்காளம்மனுக்கு நாந்தான் வேண்டியிருக்கேன். தடைக்காலம் முடியறமுட்டும் தெனமும் விடியகாலயில தலைக்கு ஊத்திக்கணும். சாமி காரியத்துல எவளுக்காவது சிரிப்பு வருதா?"

யாருக்கும் வரவில்லை. ராஜாமணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

திலகவதிக்கு அந்த வேண்டுதல் புதுச் செய்தி. விரதம் என்றால் பாய் தனி. இந்த வருஷத் தடைக்காலமும் போச்சு. தனக்கு இல்லாதது பக்கத்தில் இருப்பவளுக்கும் இருக்கக் கூடாது, நாத்தனார் புத்தி வேறு எப்படிப் போகும் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே தண்ணீரைச் சுமந்தாள்.

அன்று சாயங்காலமே சிங்காரத்திடம் சொல்லிவிட்டாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே, எல்லாரும் தூங்கிய பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு கரைக்குப் போனான்.

அடுத்த நாளிலிருந்து திலகவதி, மகள் சினேகா, தனக்கோடி மூன்று பேரும் ஈரத்தலையோடு குழாய்க்குப் போனார்கள். ஒரு பேச்சு இல்லை. இரண்டு நாள் கழித்து ராஜாமணியும் ஈரத்தலையோடு வந்தாள். மகனுக்கு சிப்காட்டில் வேலை கிடைக்க வேண்டுமாம். அவளைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி முழங்கால் வலிக்காக வேண்டிக்கொண்டாள். அந்தத் தெருவில் ஆளுக்கொரு குறை இருக்கத்தான் செய்தது. கொஞ்ச நாளில் குழாயடியில் காய்ந்த தலை ஒன்றுகூட இல்லை. விரதம் இருக்கிறவர்கள் வாடிப்போவார்கள் என்பார்கள். ராஜாமணி வரவர மினுமினுப்பாக இருந்தாள்.

ஒருநாள் பொழுது சாயும்போதே படியிறங்கிய சிங்காரத்தைத் தனக்கோடி மறித்தாள்.

"எங்கடா போற, பாயும் தலவாணியுமா?"

"படகாண்ட. தெனமும் அங்கதானக்கா படுக்குறேன்."

"எதுக்கு?"

"உன் தம்பி பொண்டாட்டியக் கேளு."

தனக்கோடி அடுப்படிக்குள் நுழைந்தாள். திலகவதி குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, அவன் எதுக்கு கொசுக்கடியில போய்ப் படுக்குறான்? சண்டையா?"

"நீங்கதான அண்ணி வெரதம்னு சொன்னீங்க?" திலகவதி முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்.

தனக்கோடி கூடத்தில் சினேகா இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மக்கு. தலைக்கு ஊத்திக்கிறேன்னுதாண்டி அம்மன்கிட்ட வேண்டியிருக்கேன். அந்த ராஜாமணிக்கே புரிஞ்சிடுச்சி, உனக்குப் புரியலயா?"